நம்பர் பேடில் ஒரு விசையின் வேலையை மாற்றுவது எப்படி?

மடிக்கணினியோடு தனியாக ஒரு யூஎஸ்பி நம்பர் பேடை (எண் விசைகள் மட்டும் உள்ள சிறு கீபோர்டை) இணைத்து வேலை செய்பவர்களுக்குச் சீக்கிரமே ஓர் எரிச்சல் வந்து சேரும். எண்களை மளமளவென்று அடித்துக்கொண்டு போகும்போது ஒன்று தவறிவிடும். அழிக்க வேண்டிய பேக்ஸ்பேஸ் பேடில் இருக்காது, மடிக்கணினியின் மூலையில் இருக்கும். கை அங்கே போய்த் திரும்பி வந்து 5-ஐத் தடவிப் பிடிப்பதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பதே மறந்துவிடும். இத்தனைக்கும் பேடின் இடது மேல் மூலையில் ‘நம் லாக்’ (Num Lock) என்றொரு விசை, யாரும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதையே பேக்ஸ்பேஸாக்கிக்கொண்டால் என்ன?

ஆக்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு விசைக்கு வேறொரு வேலை கொடுப்பதைத்தான் ரீமேப்பிங் என்கிறார்கள். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, வேலையும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்த நம் லாக் எடுத்துக்காட்டே சில பேடுகளில் விபரீதமாக முடியும்: 5-ஐ அழுத்தினால் 5 வராது, ஏற்கெனவே அடித்ததில் இரண்டு எழுத்துகள் அழியும். ஏன் என்று புரிய வேண்டுமானால் விசைக்கும் திரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விசை அனுப்பும் செய்தி

பேடில் 1-ஐ அழுத்தும்போது கணினிக்கு ‘1’ என்ற எழுத்து போவதில்லை. இன்ன இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது என்று சொல்லும் குறியீட்டு எண் மட்டுமே போகிறது. யூஎஸ்பி கீபோர்டுகள் எல்லாம் ஹெச்ஐடி என்ற பொது விதிமுறைப்படி பேசுபவை. அந்த விதிமுறையின் அட்டவணையில் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம்பர் பேடின் 1-க்கு 89. கீபோர்டில் எழுத்துகளுக்கு மேல் வரிசையில் இருக்கும் 1-க்கு 30. திரையில் இரண்டும் ஒரே 1 ஆகத் தெரிந்தாலும் கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு விசைகள். என்டரும் அப்படித்தான். பெரிய என்டருக்கு 40, பேடின் என்டருக்கு 88. பேடின் நம் லாக் 83, வகுத்தல் 84, பெருக்கல் 85, கழித்தல் 86, கூட்டல் 87 என்று வரிசையாகப் போய் 0-க்கு 98, புள்ளிக்கு 99 என்று முடிகிறது.

சாதாரணக் கீபோர்டு ஒன்று அனுப்பும் செய்தியின் நீளம் 8 பைட். முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை அழுத்தப்பட்டிருக்கின்றனவா என்ற தகவல் இருக்கும். இரண்டாவது பைட் காலி. மீதி ஆறிலும் அந்த நொடியில் அழுந்தியிருக்கும் விசைகளின் எண்கள். 1-ஐ அழுத்தினால் அவற்றில் ஒன்று 89 ஆகும், விரலை எடுத்ததும் அது 0 ஆகிவிடும். விசையின் தலையில் என்ன அச்சடித்திருக்கிறது என்ற தகவல் இதில் எங்குமே கிடையாது. ரீமேப்பிங் சாத்தியமாவதே இதனால்தான். 83 வந்தால் நம் லாக் என்று புரிந்துகொள்ளும் இயங்குதளத்திடம், 83 வந்தால் பேக்ஸ்பேஸ் என்று எடுத்துக்கொள் எனச் சொல்லிவிடுகிறோம்.

பேடின் 1 சில நேரம் எண்ட் விசையாகவும், 4 இடது அம்பாகவும் நடந்துகொள்வது பழைய காலத்து மிச்சம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் மொத்தமே 83 விசைகள். தனி அம்புக்குறிகள் கிடையாது. எண்களுக்கான விசைகளே அம்புகளாகவும் வேலை பார்த்தன, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க நம் லாக். பிறகு அம்புகளுக்குத் தனி இடம் வந்துவிட்டது, நம் லாக் மட்டும் போகவில்லை. இதில் முக்கியமான ஒன்று: நம் லாக் போடப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதை நினைவில் வைத்திருப்பது கணினிதான். பேடில் எரியும் சிறு விளக்குகூட, எரி என்று கணினி சொல்வதால்தான் எரிகிறது.

எங்கே மாற்றுவது?

அந்த எண் பேடிலிருந்து கிளம்பி உங்கள் விரிதாளைச் சென்றடைவதற்குள் மூன்று இடங்களில் அதை மாற்ற முடியும்.

முதல் இடம் பேடின் உள்ளேயே. சில பேடுகளில் உள்ள சிறு சில்லில் ஓடும் நிரலை நாமே மாற்றலாம். அங்கே மாற்றிவிட்டால் பேடிலிருந்து கிளம்பும் எண்ணே வேறாகிவிடும். கணினிக்கு நாம் ஏதோ செய்திருக்கிறோம் என்பதே தெரியாது. எந்தக் கணினியில் கொண்டுபோய்ச் செருகினாலும், இயங்குதளம் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையில்கூட, மாற்றம் அப்படியே வேலை செய்யும்.

இரண்டாவது, இயங்குதளத்தின் அடித்தளம், அதாவது வன்பொருளோடு பேசும் டிரைவர் என்ற நிரல் இருக்கும் இடம். பயாஸில் பலிக்காது, ஆனால் உள்நுழையும் திரையில் கடவுச்சொல் அடிக்கும்போதே மாற்றம் அமலில் இருக்கும்.

மூன்றாவது, நீங்கள் உள்நுழைந்த பிறகு பின்னணியில் ஓடும் ஒரு மென்பொருள். நிறுவ எளிது, நீக்கவும் எளிது. இந்த நிரலில் மட்டும் இப்படி, மற்றவற்றில் வேறு மாதிரி என்றெல்லாம் நுணுக்கமாகச் செய்ய இதுதான் வசதி. ஆனால் அது ஓடாத நேரத்தில் மாற்றமும் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றாவது இடத்திலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. அதில் என்ன கோளாறு ஆனாலும் மென்பொருளை நிறுத்திவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மடிக்கணினியில் நமக்குக் கிடைக்கும் சலுகை

இந்த விஷயத்தில் பலரும் தயங்குவதற்குக் காரணம் ஒரு கேள்வி: பேடின் விசையை மாற்றினால் மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டும் மாறிவிடாதா? நியாயமான கேள்விதான். விண்டோஸில் பரவலாகப் பயன்படும் கருவிகள் எந்தக் கீபோர்டிலிருந்து விசை வந்தது என்று பார்ப்பதில்லை. எத்தனை கீபோர்டு செருகியிருந்தாலும் அவற்றுக்கு எல்லாம் ஒரே கீபோர்டுதான்.

ஆனால் மேலே பார்த்த எண்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மடிக்கணினியில் தனி நம்பர் பேட் இல்லையென்றால், 84 முதல் 99 வரையான எண்களை அதன் கீபோர்டு சாதாரணமாக அனுப்பவே அனுப்பாது. அவை வந்தால் வெளியே செருகிய பேடிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே கருவிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டாலும் குடிமுழுகிவிடாது. பேடின் கூட்டலை என்னவாக மாற்றினாலும் மேல் வரிசையில் இருக்கும் கூட்டல் அப்படியே இருக்கும்.

இந்தச் சலுகை செல்லாத இடங்களும் உண்டு. பல பேடுகளில் எண்களோடு பேக்ஸ்பேஸ், டேப், எஸ்கேப் எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த பேக்ஸ்பேஸ் அனுப்புவது 42, மடிக்கணினியின் பேக்ஸ்பேஸ் அனுப்புவதும் அதே 42. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். இன்னொரு வில்லங்கம் 00, 000 விசைகள். அட்டவணையில் இவற்றுக்கு 176, 177 என்று தனி எண்கள் உண்டு. இருந்தும் பல பேடுகள் அவற்றைப் பயன்படுத்தாமல் சாதாரண 0-வையே இரண்டு முறையோ மூன்று முறையோ வேகமாக அனுப்பிவிடுகின்றன. அப்படிப்பட்ட பேடில் 000 விசையை மட்டும் தனியாக மாற்ற வழியே இல்லை. கணினியைப் பொறுத்தவரை அப்படி ஒரு விசையே கிடையாது. அடைப்புக்குறி விசைகள் உள்ள பேடுகளும் இதே ரகம்தான். அவை ஷிஃப்டையும் மேல் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பும்.

மடிக்கணினியிலேயே ஒரு நம்பர் பேட் இருந்து, வெளியே இன்னொன்றை முழுக்கக் குறுக்குவழிப் பலகையாக மாற்ற நினைத்தால் மட்டும் சாதனங்களைப் பிரித்தறியும் கருவி தேவைப்படும்.

நம் லாக்கின் விபரீதம்

இனி முதலில் சொன்ன அந்தக் கோளாறுக்கு வருவோம். பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் எழுத்துகளுக்குள்ளேயே ஒரு நம்பர் பேட் ஒளிந்திருந்தது. நம் லாக் போட்டால் யூ, ஐ, ஓ என்ற எழுத்துகள் 4, 5, 6 ஆகும். ஜே, கே, எல் மூன்றும் 1, 2, 3 ஆகும். எம் பூஜ்யமாகும். இந்த மடிக்கணினியில் வெளிப் பேடைச் செருகி, எண் வர வேண்டுமே என்று நம் லாக் போட்டால், கீபோர்டின் இந்த எழுத்துகளெல்லாம் எண்களாகிவிடும். பெயர் அடிக்க உட்கார்ந்தால் எண் வரும்.

இதைத் தவிர்க்கப் பேட் தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கணினியில் நம் லாக் அணைந்தே இருக்கட்டும். நீங்கள் 5-ஐ அழுத்தியதும் பேடே மூன்று செய்திகளை அனுப்பும்: நம் லாக், 5, மீண்டும் நம் லாக். ஒரு கணம் போட்டு, எண்ணை அனுப்பி, உடனே அணைத்துவிடுகிறது. திரையில் 5 மட்டும் தெரியும். நல்ல யோசனைதான்.

இப்போது நம் லாக்கை பேக்ஸ்பேஸாக மாற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட் வழக்கம்போல மூன்றையும் அனுப்புகிறது. முதல் நம் லாக் பேக்ஸ்பேஸாகி ஓர் எழுத்தை அழிக்கிறது. அடுத்து 5 வருகிறது. ஆனால் நம் லாக் போடப்படவே இல்லையே! அந்த நிலையில் நடு விசைக்கு எந்த வேலையும் இல்லை, எனவே ஒன்றும் நடப்பதில்லை. கடைசி நம் லாக் இன்னோர் எழுத்தை அழிக்கிறது. ஒரு 5 அடிக்கப் போய் இரண்டு எழுத்துகள் காணாமல் போவது இப்படித்தான்.

உங்கள் பேட் இந்த வகையா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை. விண்டோஸின் திரைக் கீபோர்டைத் திறந்து, அதன் அமைப்புகளில் எண் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் தெரியும் நம் லாக்கைச் சுட்டியால் அணையுங்கள். பிறகு பேடில் 4-ஐ அழுத்துங்கள். கர்சர் இடது பக்கம் நகர்ந்தால் உங்கள் பேட் சாது, தாராளமாக மாற்றலாம். அப்போதும் 4 என்ற எண்ணே வந்தால், ஒன்று பேட் அந்தத் தந்திரத்தைச் செய்கிறது, இல்லையென்றால் பேடின் எண்களுக்குப் பதில் மேல் வரிசை எண்களை அனுப்புகிறது. எதுவானாலும் அதில் நம் லாக்கைத் தொடாதீர்கள். பேக்ஸ்பேஸ் வேண்டுமென்றால் வகுத்தலையோ பெருக்கலையோ தியாகம் செய்யலாம். மேல் வரிசை எண்களை அனுப்பும் பேடுக்கு, முன்பு சொன்ன சலுகையும் எண் விசைகளில் பொருந்தாது.

சாதுவான பேடிலும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. நம் லாக்கை மாற்றுவதற்கு முன் அது போடப்பட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணைந்திருக்கும்போது மாற்றிவிட்டால், மறுபடி போட விசையே இல்லாமல் பேட் முழுவதும் அம்புகளாகவே இருந்துவிடும். மாட்டிக்கொண்டால் அதே திரைக் கீபோர்டு கைகொடுக்கும்.

விண்டோஸில் செய்யும் விதம்

மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற துணைக் கருவித் தொகுப்பில் கீபோர்டு மேனேஜர் என்றொரு பகுதி இருக்கிறது. விசைகளை மாற்றும் பக்கத்தில் ஒரு பக்கம் நீங்கள் அழுத்தும் விசை, மறுபக்கம் அதற்குப் பதில் போக வேண்டிய விசை. பட்டியலில் தேட வேண்டியதில்லை, விசையை ஒரு முறை அழுத்திக் காட்டினாலே பிடித்துக்கொள்ளும். மறுபக்கத்தில் ஒற்றை விசைக்குப் பதில் ஒரு குறுக்குவழியையும் கொடுக்கலாம். தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிப்பவர்கள் பேடின் பெருக்கல் விசைக்கு விண்டோஸ், ஸ்பேஸ் சேர்க்கையைக் கொடுத்துப் பாருங்கள். மொழி மாற்றம் ஒரே தட்டில் முடியும். சேமிக்கும்போது ஒரு விசைக்கு இனி வேலையில்லை என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். பழைய வேலையை வேறெந்த விசைக்கும் ஒதுக்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

இது மேலே சொன்ன மூன்றாவது வகை. பவர்டாய்ஸ் ஓடினால்தான் மாற்றம் இருக்கும். நிர்வாகி அனுமதியோடு ஓடும் நிரல்களில் வேலை செய்ய வேண்டுமென்றால் பவர்டாய்ஸையும் அதே அனுமதியோடு ஓட விட வேண்டும்.

இரண்டாவது வகைக்கு விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்கேன்கோட் மேப்’ என்ற பதிவை உருவாக்கினால் கணினியை மறுதொடக்கம் செய்ததிலிருந்து மாற்றம் அமலாகும். அந்தப் பதிவைக் கையால் எழுதுவது தலைவலி பிடித்த வேலை. ஷார்ப்கீஸ் என்ற சிறு நிரல் அதை நமக்காக எழுதிக் கொடுக்கும். எழுதிய பிறகு ஷார்ப்கீஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு விசைக்கு ஒரு விசை என்பதற்கு மேல் எதுவும் இதில் முடியாது. நம் லாக்குக்கு பேக்ஸ்பேஸ் போன்ற நிரந்தர மாற்றத்துக்கு என் வாக்கு இதற்குத்தான்.

ஆட்டோஹாட்கீ என்ற கருவி, கொஞ்சம் நிரல் எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு. ஒரு விசைக்கு ஒரு முழு வாக்கியத்தையே கொடுக்கலாம், விரிதாள் திறந்திருக்கும்போது மட்டும் ஒரு மாற்றம் என்று நிபந்தனை போடலாம். பேடின் ஒவ்வோர் எண்ணுக்கும் அதில் இரண்டு பெயர்கள் இருக்கும், நம் லாக் போட்டிருக்கும்போது ஒன்று, அணைந்திருக்கும்போது இன்னொன்று. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லையே என்று குழம்புவது சகஜம். இரண்டையும் எழுதிவிடுங்கள். ஷிஃப்டோடு பேட் எண்ணைச் சேர்த்துக் குறுக்குவழி வைப்பதும் வேண்டாம். நம் லாக் போட்டிருக்கும்போது ஷிஃப்டை அழுத்தினால் விண்டோஸ் அந்த எண்ணை அம்பாக மாற்றிவிடும். கன்ட்ரோல் பாதுகாப்பானது.

இரண்டு கீபோர்டுகளைப் பிரித்தறிய வேண்டுமென்றால் விண்டோஸில் இன்டர்செப்ஷன் என்ற டிரைவர் இருக்கிறது. சில ஆன்லைன் விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. விளையாடுபவர்கள் யோசித்து நிறுவுங்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் நம் லாக் என்ற சங்கதியே இல்லை. பேட் எப்போதும் எண்களைத்தான் தரும், நம் லாக் இருக்கும் இடத்து விசை கிளியர் ஆகிவிடும். காராபைனர்-எலிமெண்ட்ஸ் என்ற இலவச மென்பொருளில் எந்தச் சாதனத்துக்கு மாற்றம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. எனவே பேடில் உள்ள பேக்ஸ்பேஸை மட்டும் மாற்றுவது அங்கே பெரிய விஷயமில்லை. லினக்ஸில் கீடி, இன்புட் ரீமேப்பர் என்ற இரண்டு கருவிகளும் சாதனத்தைப் பிரித்தறியும். எதையும் நிறுவ விருப்பமில்லாதவர்கள் லினக்ஸில் சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ்வின் வன்பொருள் பட்டியலில் பேடின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு ஒரு சிறு பதிவு எழுதி, பட்டியலைப் புதுப்பித்தால் போதும். பேட் என்ன அனுப்புகிறது என்று நேரில் பார்க்க இவிடெஸ்ட் கட்டளை அருமையான ஒன்று. 000 விசையின் குட்டெல்லாம் அதில் வெளிப்பட்டுவிடும்.

பேடுக்குள்ளேயே மாற்ற நினைப்பவர்கள் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது, அதன் சில்லில் ஓடுவது நாமே மாற்றக்கூடிய க்யூஎம்கே நிரலா, அதை மாற்ற உதவும் விஐஏ கருவியை ஆதரிக்கிறதா என்பதை. சாதாரண பேடுகளில் இந்த வசதி இருக்காது. இருப்பவற்றில் லேயர் என்ற கூடுதல் வசதியும் உண்டு. ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மற்ற விசைகளுக்கு எல்லாம் இரண்டாவது வேலை ஒன்று கிடைக்கும். இத்தகைய பேடில் நான் சொல்லும் உத்தி இது: குறுக்குவழிக்கு ஒதுக்கும் விசைகளை எஃப்13 முதல் எஃப்24 வரை மாற்றுங்கள். ஹெச்ஐடி அட்டவணையில் 104 முதல் 115 வரை இவற்றுக்கு இடம் இருக்கிறது, ஆனால் மடிக்கணினிகளில் பொதுவாக இந்த விசைகள் இருப்பதில்லை. பெரும்பாலும் வேறெதனுடனும் மோதாது. பிறகு அவற்றுக்கு என்ன வேலை என்பதை ஆட்டோஹாட்கீயில் எழுதிக்கொள்ளலாம்.

எதை எதுவாக மாற்றுவது?

விரிதாளில் பக்கம் பக்கமாக எண் ஏற்றுபவர்களுக்கு பேடின் கூட்டலை டேப் ஆக மாற்றுவதுதான் எனக்குத் தெரிந்து அதிகப் பலன் தரும் மாற்றம். கூட்டல் பெரிய விசை, என்டருக்கு நேர் மேலே இருக்கிறது. எண்ணை அடித்துக் கூட்டலைத் தட்டினால் வலது பக்கக் கட்டத்துக்குப் போகும். வரிசை முடிந்ததும் என்டர். எக்ஸெலில் டேப் அடித்தபடி வந்து என்டர் தட்டினால் கர்சர் அடுத்த வரியில், நீங்கள் தொடங்கிய அதே நெடுவரிசைக்குத் தானாகத் திரும்பிவிடும். ஒரு முழு அட்டவணையையும் வலது கையால் மட்டுமே ஏற்றிவிடலாம், இடது கை தாளைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். வகுத்தலை மாற்றுமுன் மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள். தேதி அடிப்பவர்களுக்கு அது அடிக்கடி தேவைப்படும்.

தொலைபேசியில் 1, 2, 3 மேலே இருக்கிறது, பேடில் 7, 8, 9 மேலே. இந்த வேறுபாடு கையைக் குழப்புகிறது என்று மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இடம் மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஆறு விசைகளை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது வகை மென்பொருளில் செய்தால் உள்நுழையும் திரையில் மட்டும் பழைய அடுக்கே இருக்கும். விரல் பழக்கத்தில் கடவு எண்ணை (PIN) அடிப்பவர்கள் தினமும் முதல் முறை தவறாக அடிப்பார்கள். இந்த மாற்றத்துக்கு ஷார்ப்கீஸ்தான் சரி.

ஆல்ட் விசையோடு எண்களை அடித்துச் சிறப்புக் குறிகளைக் கொண்டுவருபவர்கள், உதாரணமாக ஆல்ட்டோடு 0176 அடித்து டிகிரிக் குறி போடுபவர்கள், பேடின் எண்களை மேல் வரிசை எண்களாக மாற்றிவிடக் கூடாது. விண்டோஸ் இந்த வசதியைப் பேடின் எண்களுக்கு மட்டுமே தருகிறது. இரண்டும் எண்தானே என்று மாற்றினால் டிகிரிக் குறி வராது.

பழையபடி ஆக்குவதற்கு: பவர்டாய்ஸிலும் காராபைனரிலும் அந்த வரியை நீக்கினால் உடனே சரியாகிவிடும். ஷார்ப்கீஸில் நீக்கியபின் மீண்டும் ஒரு முறை ரெஜிஸ்ட்ரியில் எழுதச் சொல்லி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பேடைக் கழற்றி மறுபடி செருகினால் அது போகாது.